முதல் வகுப்பின் வாயிலில்

முதல் வகுப்பில் சேரும் குழந்தைகள் அனைவரும் ஒரே நிலையில் பள்ளிக்கு வருவதில்லை. அடி உதைக்கு ஆளான குழந்தை, பெற்றோரை இழந்த குழந்தை, தெருவோரத்தில் வளரும் குழந்தை, செங்கற்சூளைகளுக்கு இடம்பெயரும் குடும்பத்தின் குழந்தை ஆகியோர் அச்சத்தையும் உடன் சுமந்து வருகின்றனர். இக்குழந்தைகளுக்கு எழுத்தறிவுக்கு முன் தேவைப்படுவது நம்பிக்கையே.

அஞ்சும் குழந்தையின் கவனம் பாடத்தில் நிலைப்பதில்லை. ஆசிரியர் குரலை உயர்த்தினால் அது நடுங்குகிறது. அல்லது முரண்டு பிடிக்கிறது. வாய் திறவாதது மந்தபுத்தியாகவும், முரண்டு பிடிப்பது ஒழுங்கீனமாகவும் தவறாகக் கொள்ளப்படுகின்றன. வருகை குறைகிறது, நாளடைவில் அக்குழந்தை பள்ளியை விட்டே நின்றுவிடுகிறது. தன் துயரத்தை வெளியார் ஒருவர் கண்டறியக்கூடிய இடமும் அத்துடன் அதற்கு இல்லாமற் போகிறது.

சட்டம் அளிக்கும் காப்பு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் சேர்க்கையை மறுத்தலாகாது. உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் தடை செய்யப்பட்டுள்ளன. வீடின்றித் திரிவோரையும், தம்மைத் துன்புறுத்துவோருடன் வாழ்வோரையும் பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளாக 2015ஆம் ஆண்டின் இளம் சிறார் நீதிச் சட்டம் கருதுகிறது. இவர்களுக்காக மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு உண்டு. பாலியல் குற்றம் பற்றி அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்பது 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. உதவிக்கு 1098 என்ற தொலைபேசி எண் உள்ளது.

விடுபட்ட கண்ணி

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தின் அங்கன்வாடிகள், 3 முதல் 6 வயதுக் குழந்தைகளுக்கு முன்பருவக் கல்வியும் துணை உணவும் அளித்து வருகின்றன. குழந்தையின் எடையையும் வீட்டுச் சூழலையும் அங்கன்வாடிப் பணியாளர் அறிவார். ஆனால் அங்கன்வாடியும் பள்ளியும் வெவ்வேறு துறைகளைச் சார்ந்தவை. எனவே அவர் அறிந்தவை முதல் வகுப்பு ஆசிரியரைத் தாமாகவே சென்று சேர்வதில்லை. இளம் குழந்தை தன் துன்பத்தைத் தானே எடுத்துரைக்கவும் இயலாது.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சேர்க்கைக்கு முன் இருவரும் சந்தித்து, கவனம் தேவைப்படும் குழந்தைகளைப் பற்றிக் கலந்து பேசலாம். பேசப்பட்டவை மறைவாகக் காக்கப்பட வேண்டும். குழந்தைமீது முத்திரை குத்த அவை பயன்படலாகாது. 2021இல் அறிமுகமான ‘வித்யா பிரவேஷ்’ என்னும் மூன்று மாத விளையாட்டு வழி ஆயத்தப் பயிற்சியும் இதற்குத் துணைபுரியும். அந்நாட்களில் ஒரே ஆசிரியர், ஒரே இடம், நேரந்தவறாத மதிய உணவு என்ற ஒழுங்கு அமைந்தால், நாளை என்ன நேருமோ என்ற கலக்கம் குழந்தையிடம் படிப்படியாகத் தணியும். தொடர்ந்து இரு நாள் வாராத குழந்தையை மூன்றாம் நாள் வீடு தேடிச் சென்று விசாரிப்பதும் பாதுகாப்புப் பணியே.

பதிவேட்டில் பெயர் ஏறுவதால் மட்டும் சேர்க்கை நிறைவு பெறுவதில்லை. மறுநாளும் அச்சமின்றிக் குழந்தை பள்ளிக்கு வரும்போதே அது நிறைவு பெறுகிறது.