பின்னிரவு 2.14-க்கு ஓடிய பாட்டு

நாகர்கோவிலிலிருந்து சென்னைக்கு வரும் இரவுப் பேருந்து. மதுரை வரைக்கும் நான் தேர்ந்தெடுத்த பாட்டுகள் ஓடின. அவை தீர்ந்ததும் செயலி தானாகவே அதே சாயலில் வேறு பாட்டுகளைப் போட ஆரம்பித்தது. திருச்சி தாண்டிய பிறகு, தூக்கமும் விழிப்புமாக இருந்த நேரத்தில், இயர்போனில் ஒரு பெண்குரல் வந்தது. அதற்கு முன் கேட்டிராத பாட்டு. பெயரைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன், கை எழவில்லை. கண் திறந்தபோது செங்கல்பட்டு, நன்றாக விடிந்திருந்தது. மெட்டு மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. பெயர் தெரியாது, படம் தெரியாது, பாட்டில் ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் இலங்கை வானொலிதான். அம்மா பிடித்த பாட்டின் படப் பெயரை நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைப்பார். அறிவிப்பாளர் பெயர் சொல்லும் அந்த ஒரு நொடியில் அடுப்பில் பால் பொங்கிவிட்டால், அந்தப் பாட்டு போனது போனதுதான். மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அன்று காலை பேருந்தில் எனக்கு அந்தத் தவிப்பு வரவில்லை. கைபேசி எழுதி வைத்திருக்கும் என்று தெரியும்.

கேட்ட பாட்டுகளின் இந்தப் பதிவு பெரும்பாலான இசைச் செயலிகளில் இருக்கிறது, இருக்கும் இடம்தான் மாறும். ஸ்பாட்டிஃபையில் முகப்பில் உங்கள் படத்தைத் தொட்டால் வரும் பட்டியலில் அண்மையில் கேட்டவை நாள்வாரியாக இருக்கும். கணினியில் என்றால், அடுத்து வரவிருக்கும் பாட்டுகளின் வரிசைக்குப் பக்கத்திலேயே. யூடியூப் மியூசிக்கிலும் உங்கள் படத்தைத் தொட்டு ‘ஹிஸ்டரி’க்குப் போக வேண்டும். ஐபோனில் ஆப்பிள் மியூசிக் வைத்திருப்பவர்கள் அடுத்து வரும் பாட்டுகளின் வரிசையைத் திறந்து கீழே இழுத்தால், முடிந்துபோன பாட்டுகள் மேலே தெரியும். இவ்வளவுதான் செய்முறை. ஆனால் இந்தச் சின்னப் பட்டியல் சரியாக இருக்க உள்ளே என்னவெல்லாம் நடக்கிறது என்று படிக்கத் தொடங்கியபோது, நான் அதுவரை ஒரு பொருட்டாகவே நினைக்காத கேள்விகள் எழுந்தன. முதல் கேள்வியே கடினமானது: ஒரு பாட்டை ‘கேட்டேன்’ என்று எப்போது சொல்லலாம்?

2002-இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் படித்துக்கொண்டிருந்த ரிச்சர்டு ஜோன்ஸ், ‘ஆடியோஸ்க்ராப்ளர்’ என்ற மென்பொருளை எழுதினார். கணினியில் ஓடும் ஒவ்வொரு பாட்டையும் குறித்துவைத்து, ஒருவரின் ரசனையைக் கணக்காகக் காட்டுவதே அதன் வேலை. பின்னாளில் அது லாஸ்ட்.எஃப்எம் என்ற இசைத் தளத்தோடு இணைந்தது. அங்கே விதி இப்படி: பாட்டு 30 விநாடிக்கு மேல் நீளமாக இருக்க வேண்டும், அதில் பாதியோ 4 நிமிடமோ, எது முந்துகிறதோ அந்த அளவுக்கு ஓடியிருக்க வேண்டும். அப்போதுதான் அது கேட்ட பாட்டு. ஸ்பாட்டிஃபை வேறு கோடு கிழித்தது. பாட்டு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 30 விநாடி ஓடினால் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு.

அரை நிமிடம் என்பது தமிழ்த் திரைப்பாட்டுக்குச் சிறிய அளவு. பல பாட்டுகளில் முன்னிசையே அந்த அரை நிமிடத்தை எடுத்துக்கொள்ளும். வயலின்கள் எழுந்து, புல்லாங்குழல் பதில் சொல்லி, தாளம் சேர்ந்து, பிறகுதான் பல்லவி. பாடகி வாய் திறக்கும் முன்பே செயலி உங்களைக் கேட்டவராகப் பதிந்துவிட்டிருக்கும். மேற்கில் முன்னிசையே சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் முதல் பத்து இடங்களுக்குள் வந்த பாட்டுகளை இசை ஆய்வாளர் உபேர் லெவேயே கோவன் அளந்து பார்த்தபோது, 1980-களின் நடுவில் சராசரியாக 20 விநாடிக்கு மேல் இருந்த முன்னிசை 2015-இல் 5 விநாடி அளவுக்கு வந்திருந்தது. கேட்பவரின் கவனத்தைச் சட்டென்று பிடித்துக்கொள்ள வேண்டிய போட்டியே காரணம் என்பது அவர் தரும் விளக்கம். நம் பாட்டுகளுக்கு அந்த நிலை வரக் கூடாது என்பது என் ஆசை. முன்னிசை கேட்டே பாட்டைச் சொல்லும் வித்தையில் வளர்ந்தவர்கள் நாம்.

சரி, கேட்டது எது என்று முடிவாகிவிட்டது. இனி அதை எழுதி வைக்க வேண்டும். கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். வணிகத்தில் நடப்பதையெல்லாம் நடந்த வரிசையில் முதலில் குறிப்பேட்டில் எழுதுவார்கள். அடித்தலும் திருத்தலும் கிடையாது. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று நீண்டுகொண்டே போகும். பிறகு அதிலிருந்து ஒவ்வொரு ஆளின் கணக்குக்கும் உரிய பக்கத்தில், அதாவது பேரேட்டில், எடுத்தெழுதுவார்கள். இணைய நிறுவனங்களின் வேலையும் ஏறக்குறைய இதேதான். கோடிக்கணக்கான கைபேசிகளிலிருந்து ‘இன்ன பாட்டு ஓடியது’ என்று வந்து விழும் செய்திகளெல்லாம் முதலில் முடிவில்லாத ஒரே குறிப்பேட்டில் சேர்கின்றன. இப்படிப்பட்ட குறிப்பேட்டுக்காகவே லிங்க்டுஇன் நிறுவனத்தில் உருவாகி 2011-இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட மென்பொருள் காஃப்கா. ஸ்பாட்டிஃபையும் சில ஆண்டுகள் அதைப் பயன்படுத்தியது. குறிப்பேட்டிலிருந்து உங்கள் வரிகள் உங்கள் பேரேட்டுப் பக்கத்துக்குப் போகின்றன. அங்கே புதியது எப்போதும் மேலே இருக்கும்படி நேரவரிசையில் அடுக்கி வைத்துவிட்டால், நீங்கள் பட்டியலைத் திறக்கும்போது எதையும் தேட வேண்டியதில்லை. பக்கத்தின் மேல்பகுதியை அப்படியே எடுத்து நீட்டினால் போதும். விரல் பட்டதும் பட்டியல் விரிவதற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு இடம் பிடிக்கும் என்று ஒருநாள் தாளில் போட்டுப் பார்த்தேன். பாட்டின் அடையாள எண், நேரம், ஓடிய அளவு, எந்தக் கருவி என்பதையெல்லாம் சுருக்கி எழுதினால் ஒரு வரிக்கு 100 பைட்டு தாராளம். நாளைக்கு 40 பாட்டு கேட்பவருக்கு ஆண்டுக்கு 14,600 வரி. மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 44 லட்சம் பைட்டு. நல்ல தரத்தில், விநாடிக்கு 160 கிலோபிட் வேகத்தில் ஓடும் 4 நிமிடப் பாட்டு ஒன்றுக்கே 48 லட்சம் பைட்டு வேண்டும். மூன்று ஆண்டுகள் ஒருவர் கேட்டதன் முழுக் கணக்கும் ஒரே ஒரு பாட்டின் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது! கணக்கை இரண்டு முறை சரிபார்த்தேன், அப்படித்தான் வருகிறது.

இடம் பிரச்சினையே இல்லை. பிரச்சினை நேரம்.

கல்யாண வீட்டில் மொய் எழுத இரண்டு மேசை போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நோட்டு, இரண்டு பேர் எழுதுகிறார்கள். ஒவ்வொரு நோட்டிலும் யாருக்குப் பின் யார் என்பது தெளிவாக இருக்கும். ஆனால் இரண்டையும் ஒரே நோட்டாகச் சேர்த்து எழுதும்போது, இந்த மேசையில் பத்தாவதாக வந்த மாமாவா, அந்த மேசையில் எட்டாவதாக வந்த சித்தப்பாவா, யார் முன்னால் வந்தார்? பெயருக்குப் பக்கத்தில் நேரமும் எழுதியிருந்தால் சொல்லிவிடலாம், இருவரின் கடிகாரமும் ஒத்துப்போயிருந்தால். ஒருவருடையது பத்து நிமிடம் முன்னால் ஓடினால் வரிசை குலைந்துவிடும்.

இன்று ஒரே ஆளின் பாட்டு பல மேசைகளில் எழுதப்படுகிறது. காலையில் கைபேசி, வண்டியில் ஏறியதும் காரின் ஒலிபெருக்கி, அலுவலகத்தில் மடிக்கணினி. இவற்றில் கைபேசி இணையமே இல்லாத மலைப்பாதையில், தரவிறக்கி வைத்த பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருக்கலாம். அப்போது அது தன் சொந்த நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். ஸ்பாட்டிஃபையில் தரவிறக்கிய பாட்டுகள் தொடர்ந்து கிடைக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்தைத் தொட்டாக வேண்டும். ஆக, நோட்டு சில வாரம் தாமதமாகக்கூட வந்து சேரலாம். வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அடுக்கினால் போன வாரம் கேட்டது இன்று கேட்டதாகிவிடும். கைபேசி சொல்லும் நேரத்தை நம்பினாலோ, அதன் கடிகாரம் சரியா என்பது யாருக்குத் தெரியும்?

இந்தச் சிக்கலின் ஆழத்தைக் கணினி உலகுக்கு எடுத்துக்காட்டியவர் லெஸ்லி லாம்போர்ட். தொலைவில் இருக்கும் கணினிகளுக்குள் ‘முன்’, ‘பின்’ என்பதற்குக் கடிகாரம் இல்லாமலே என்ன பொருள் இருக்க முடியும் என்று 1978-இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கேட்டார். விடை அழகானது. ஒரே இடத்தில் நடப்பவற்றுக்கு வரிசை உண்டு. கடிதம் அனுப்பியது, அது கிடைத்ததற்கு முன்னால்தான் நடந்திருக்க வேண்டும். இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் வரிசை சொல்ல முடியுமோ அவ்வளவுதான் உறுதி. எஞ்சியவற்றில் எது முன் எது பின் என்பது நாமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. இசைச் செயலிக்கு அவ்வளவு கறார் தேவைப்படாது. ஒரு பாட்டு முன்பின்னாக விழுந்தால் குடி முழுகிவிடாது. ஆனாலும், எல்லோருக்கும் பொதுவான ‘இப்போது’ என்ற ஒன்று இயற்கையாகவே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கட்டுரையின் வாதம் பல நாள் மனத்தை விட்டுப் போகவில்லை.

இன்னொரு சின்ன நுணுக்கமும் உண்டு. கைபேசி ஒரு வரியை அனுப்புகிறது; ‘கிடைத்தது’ என்ற பதில் வருவதற்குள் பேருந்து சிக்னல் இல்லாத இடத்துக்குப் போய்விடுகிறது. ஒப்புகை வராததால் அதே வரி மறுபடி அனுப்பப்படும். ஒரே பாட்டு இரண்டு முறை பதிவாகாமல் இருக்க, ஒவ்வொரு வரிக்கும் ரசீது எண்போலத் தனி எண் கொடுத்துவிடுவார்கள். அதே எண் இரண்டாம் முறை வந்தால் ஏற்கெனவே வந்தது என்று விட்டுவிடலாம்.

அன்று காலை நான் பட்டியலைத் திறந்தேன். நான் தூங்கிய பிறகும் பாட்டு ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. மேலிருந்து கீழே ஐம்பதுக்கும் மேற்பட்ட பெயர்கள். பாதிக்கு மேல் எனக்குத் தெரியாத பாட்டுகள். பெயரைப் பார்த்து எதுவும் சொல்ல முடியவில்லை. ஆகவே ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஆண்குரல், வேண்டாம். வேகமான தாளம், வேண்டாம். ஒவ்வொன்றையும் விலக்க எனக்கு ஓரிரு விநாடிதான் ஆனது.

பெயரே தெரியாதபோது ‘இது இல்லை’ என்று மட்டும் எப்படி இவ்வளவு உறுதியாகத் தெரிகிறது? ரோஜர் பிரவுன், டேவிட் மெக்நீல் என்ற இரு உளவியலாளர்கள் ஹார்வர்டில் செய்து 1966-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே உதவும். அரிய சொற்களின் பொருளை மாணவர்களுக்குப் படித்துக் காட்டி, அந்தச் சொல் என்ன என்று கேட்டார்கள். சொல் நாக்கு நுனியில் நின்று வெளியே வராமல் தவித்தவர்கள்கூட, அதன் முதல் எழுத்தையும் எத்தனை அசை என்பதையும் பல நேரம் சரியாகச் சொன்னார்கள். மறந்த சொல்லின் உருவம் உள்ளே இருக்கிறது, சொல்தான் இல்லை. பாட்டிலும் அப்படியே. குரலின் நிறம், நடையின் வேகம், வாத்தியத்தின் சாயல் எல்லாம் இருந்தன. இந்தச் சாயலைப் பிடிக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பதைக் கிளென் ஷெல்லென்பெர்க்கும் இரண்டு சக ஆய்வாளர்களும் 1999-இல் சோதித்தார்கள். பிரபலமான பாட்டுகளிலிருந்து விநாடியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் வெட்டி ஒலிக்கவிட்டு, கொடுத்த ஐந்து பெயர்களில் எது என்று பொருத்தச் சொன்னார்கள். அந்தத் துணுக்கில் மெட்டுக்கு இடமே இல்லை. இருந்தும் குத்துமதிப்பாகச் சொல்லிக் கிடைக்கும் விடையைவிடத் தெளிவாக அதிகம் பேர் சரியாகச் சொன்னார்கள். ஆர்மோனியக் கட்டையை ஒருமுறை தொட்டு எடுக்கும் நேரம்தான் அது.

நினைவிலிருந்து தோண்டி எடுப்பது கடினம், எதிரே வந்தால் அடையாளம் காண்பது எளிது. அண்மைப் பட்டியல் நமக்குப் பயன்படுவது இந்த இடைவெளியில்தான். உலகத்தின் கோடிக்கணக்கான பாட்டுகளை ஓரிரவின் ஐம்பது பாட்டாகக் குறைத்து எதிரே நிறுத்திவிடுகிறது. மீதியைக் காது பார்த்துக்கொள்கிறது. ஐம்பதைத் தாண்டிய பிறகு, புல்லாங்குழலும் அந்தக் குரலும் வந்தன.

சில மாதங்கள் கழித்து என் முழுக் கணக்கையும் ஸ்பாட்டிஃபையிடம் கேட்டு வாங்கினேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பெறும் உரிமையை ஒருவருக்கு அளிக்கிறது. அந்தத் தரவை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதைப் போதிய தெளிவோடு சொல்லவில்லை என்று ஸ்வீடனின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு 2023-இல் ஸ்பாட்டிஃபைக்கு 5.8 கோடி குரோனர் அபராதம் விதித்தது. இவ்வளவு கவலை தேவைதானா என்று நினைப்பவர்கள், தங்கள் கோப்பை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். பின்னிரவில் விழித்திருந்த நாள்கள் தெரியும். ஒரே பாட்டை நாற்பது முறை கேட்ட வாரம் தெரியும். அது ஏன் என்பது நமக்கு மட்டும் தெரியும்.

கோப்பில் பாட்டு நின்ற நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதனால் நான் தேடிய பாட்டு, பின்னிரவு 2.14-க்கு முடிந்தது, முந்தைய நாள் 20.44 என்று இருந்தது. எத்தனை மில்லிவிநாடி ஓடியது, எதனால் நின்றது என்பதும் ஒவ்வொரு வரியிலும் உண்டு. 2.14-க்குப் பிறகு செங்கல்பட்டு வரை 53 வரிகள். எல்லாமே முழுதாக ஓடி, தானாக முடிந்தவை. நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

அதற்கும் கீழே, காலை ஆறேகாலுக்கு மேல், சின்னச் சின்ன எண்களாக ஒரு கூட்டம். 1,840. 2,210. 1,490. 1,975. ஒவ்வொன்றும் பாதியில் நிறுத்தப்பட்டது. எந்தக் கணக்கிலும் ‘கேட்டது’ என்று சேராதது. அப்படியே ஐம்பது வரிகள் போல. கடைசியாக ஒன்று மட்டும் 2,81,000. அதற்கு அடுத்த வரியிலும் அதே பாட்டு, அதே 2,81,000.

மூன்றாவது முறை பெருங்களத்தூரில் நின்றிருக்கிறது. இறங்கும் இடம் வந்துவிட்டது.