சுவரில் ஒரு மீட்டர் ஓட்டை

செம்பனை ஆலையில் பழைய பாய்லரை இறக்கிவிட்டுப் பெரியதை ஏற்றினால், அதன் புகைக்குழாயும் பருத்துவிடும். பழைய குழாய் போன ஓட்டையில் புதியது நுழையாது. செங்கல் சுவர்தானே, கொஞ்சம் உடைத்துப் பெரிதாக்கினால் போதும் என்று தோன்றும். ஆனால் காற்று, வெப்பம், எடை ஆகிய மூன்றும் அந்த ஓட்டையில் வந்து சந்திக்கின்றன.

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம், கோலா சிலாங்கூர் வட்டாரத்தின் தென்னமரம் தோட்டம். 1917இல் அங்கே செம்பனை நட்டவர் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். கோலா குபு பாரு தொடங்கி வட சிலாங்கூர் சாலைகளில் இன்று பழக்குலை லாரிகள் ஓடுவதற்கு அதுவே தொடக்கம். அந்தக் குலைகள் போய்ச் சேரும் ஆலை, தனக்கு வேண்டிய எரிபொருளை அவற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 100 கிலோ குலையில் ஏறத்தாழ 20 கிலோ எண்ணெய் கிடைக்கும். கூடவே 13 கிலோ நாரும் 6 கிலோ ஓடும் மிஞ்சும். நாரும் ஓடும்தான் பாய்லருக்குத் தீனி. அதிலிருந்து வரும் நீராவி மின்சாரமும் தருகிறது, அடுத்த குலைகளையும் அவிக்கிறது.

ஒரு கிலோ நார் எரிய சுமார் 5 கிலோ காற்று வேண்டும். இரண்டும் சேர்ந்து 250 பாகை செல்சியஸ் சூட்டில் வெளியேறும்போது ஏறத்தாழ 9 கன மீட்டர் புகையாக விரிந்திருக்கும். மணிக்கு 40 டன் குலை அரைக்கும் ஆலையில் 5 டன்னுக்கு மேல் நார் எரிகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு நொடியும் 13 கன மீட்டர் புகை வெளியே போயாக வேண்டும். நொடிக்கு 12 மீட்டர் வேகத்தில் அது ஓட, குழாய் சுமார் 117 சென்டிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். இதில் பாதி அளவு குலை அரைத்த பழைய ஆலைக்கு 83 சென்டிமீட்டர் போதும். வேலை இரட்டிப்பானாலும் குழாயின் அகலம் இரட்டிப்பாவதில்லை, 1.4 மடங்குதான் கூடுகிறது. வட்டத்தின் பரப்பு, அகலத்தின் வர்க்கத்தோடு வளர்வதே காரணம்.

சூடான புகை வெளிக்காற்றைவிட இலேசானது. 30 மீட்டர் உயரப் புகைபோக்கியில் அது மேலெழும்போது கீழே ஓர் இழுவிசை பிறக்கிறது. அதன் வலிமை 15 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். இவ்வளவு மெல்லிய விசைக்கு விசிறியும் துணை நின்று மொத்தப் புகையையும் வெளியேற்றுகிறது. குழாய்க்குள் அழுத்தம் குறைவாக இருப்பதால், இணைப்பில் கீறல் விழுந்தால் பெரும்பாலும் புகை வெளியே வராது. வெளிக்காற்று உள்ளே புகுந்து புகையைக் குளிரவைத்து இழுவிசையைக் கெடுக்கும்.

இனி வெப்பம். 10 மீட்டர் நீள எஃகுக் குழாய் 30 பாகையிலிருந்து 250 பாகைக்குச் சூடேறினால் 26 மில்லிமீட்டர் நீளும். அகலத்திலும் 3 மில்லிமீட்டர் பெருக்கும். சுவரோடு இறுக்கிப் பூசிவிட்டால், பாய்லர் மூட்டும்போதெல்லாம் குழாய் செங்கலைத் தள்ளும். அதனால் ஓட்டைக்குள் முதலில் ஓர் எஃகு உறையைப் பதிக்கிறார்கள். உறைக்கும் குழாய்க்கும் நடுவே பாறைக் கம்பளியை அடைக்கிறார்கள். பாறையை உருக்கி இழையாக நூற்றுச் செய்யும் வெப்பத்தடுப்பு அது. குழாய் அதற்குள் தாராளமாக நீளும், சுருங்கும். ஆகவே ஓட்டை எப்போதும் குழாயைவிடப் பெரியது.

பெரிய வியப்பு சுவரின் எடையில் இருக்கிறது. ஒன்பது அங்குலச் சுவரில் ஒரு மீட்டர் அகல ஓட்டை போட்டால், அதற்கு மேலே 4 மீட்டர் உயரச் சுவர் மட்டும் 1,700 கிலோ இருக்கும். அத்தனையும் ஓட்டையின் தலையில் இறங்குவதில்லை. செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று மாறி மாறி அமர்ந்திருப்பதால் எடை இரு பக்கமும் சரிந்து இறங்கிவிடுகிறது. இதை வளைவுச் செயல் என்பார்கள். நேரடியாகத் தொங்குவது ஒரு முக்கோணத் துண்டு மட்டுமே. அதன் எடை 185 கிலோ, அதாவது மூன்று ஆட்களின் எடை. ஆனால் இந்த முக்கோணமும் அகலத்தின் வர்க்கத்தோடு வளரும். ஓட்டையை 1.4 மடங்கு அகலமாக்கினால் தொங்கும் எடை இரட்டிப்பாகும். முக்கோணத்துக்குள் கூரை உத்தரம் ஒன்று அமர்ந்திருந்தால் கணக்கே மாறிவிடும்.

ஓட்டையின் வடிவமும் முக்கியம். 1898இல் கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார்: ஒரு திசையில் விசை தாங்கும் அகன்ற தகட்டில் வட்ட ஓட்டை இருந்தால், அதன் விளிம்பில் தகைவு, அதாவது பரப்பின் மீதான விசை, மூன்று மடங்காகும். ஓட்டை சிறியதா பெரியதா என்பது பொருட்டல்ல. சதுர ஓட்டையின் கூர் மூலைகளில் அது இன்னும் கூடும். சுவர் விரிசல்கள் பெரும்பாலும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் வேலையின் வரிசையை மாற்றக்கூடாது. முதலில் சுவரைக் குறுக்கே துளைத்துத் தாங்குவிட்டங்களைச் செருகி முட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு ஓட்டை வரப்போகும் இடத்துக்கு மேலே, எடையைத் தாங்கும் லிண்டல் என்ற குறுக்கு உத்தரத்தை வைக்க வேண்டும். இரு பக்கமும் குறைந்தது 15 சென்டிமீட்டராவது அது சுவரில் உட்கார வேண்டும். அதற்கும் மேற்சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை இறுக்கமான கலவையால் அடைத்து, அது இறுகும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில்தான் கீழே உள்ள செங்கற்களை எடுக்கலாம்.

ஆலைக்கு மட்டுமல்ல, வீட்டுச் சமையலறைப் புகைக்குழாய்க்கும் இதே கணக்குதான். சுவரில் சுத்தியல் படும் முன், அதன் மேல் என்ன அமர்ந்திருக்கிறது என்று ஒரு பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.