மிதுக்கு வத்தல்: கரிசல் காயும் கடற்கரை உப்பும்

தூத்துக்குடியிலிருந்து எட்டயபுரம் பக்கம் போனால், உப்பளங்கள் மறைந்த கொஞ்ச தூரத்தில் கரிசல் காடு வந்துவிடும். உளுந்து, பாசி, பருத்தி, கம்பு என்று மானாவாரியாக விளைகிற மண். ஐப்பசி மழையில் விதைப்பு முடிந்த பிறகு, யாரும் விதைக்காத ஒரு கொடியும் அந்தப் பயிர்களுக்கு நடுவே தரையோடு படர்ந்து வரும். கோலிக்குண்டை விடச் சற்றுப் பெரிதாக, பச்சை வரியோடிய காய்கள் அதில் பிடிக்கும். மிதுக்கங்காய் என்பார்கள், சுக்கங்காய் என்று சொல்லும் ஊர்களும் உண்டு. பழக்கடையில் நாம் வாங்கும் முலாம்பழத்தின் காட்டு வகை இது. சுரை, பீர்க்கு, பூசணி, வெள்ளரி எல்லாம் இதன் குடும்பத்தார்.

காயை அப்படியே வாயில் போட்டால் கசக்கும். உப்பும் மோரும் வெயிலும் சேர்ந்தால், வருஷம் முழுக்கக் கம்மங்கூழுக்கும் பழைய சோற்றுக்கும் கடித்துக்கொள்ளும் மிதுக்கு வத்தலாகிவிடும். காய் கரிசலுடையது, உப்பு கடற்கரையுடையது. ஒரே மாவட்டத்தின் இந்த இரண்டு நிலங்களும் ஒரு வாணலியில் சந்திக்கின்றன என்பதுதான் இந்த வத்தல்மேல் எனக்கு இத்தனை பிரியம் வரக் காரணம்.

காயையும் உப்பையும் உண்டாக்குவது ஒரே வானிலைதான். தூத்துக்குடிக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழை ஏறத்தாழ 650 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் வெயிலும் காற்றும்தான். இந்த வறட்சிதான் தூத்துக்குடியை உப்பு ஊராக்கியது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துக்கு.

உப்பளத்தில் நடப்பதைத் தெரிந்துகொண்டால் வத்தலில் நடப்பதும் பாதி விளங்கிவிடும். கடல்நீரில் உப்பு ஏறத்தாழ மூன்றரை சதவீதம். தூத்துக்குடியில் கடல்நீரோடு, அதைவிடக் கரிப்பான நிலத்தடி நீரையும் ஆழ்துளைக் கிணறு போட்டு இறைக்கிறார்கள். பாத்தி பாத்தியாக அதை நகர்த்தி வெயிலில் வற்றவைப்பார்கள். நீரின் அடர்த்தியை அளக்க, அந்துவான் போமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவுகோல்தான் இன்றும் உப்பளங்களில் புழங்குகிறது. 25 டிகிரி வருவதற்குள் ஜிப்சம் பெரும்பாலும் படிந்து பிரிந்துவிடும். 25ஐத் தொட்டதும் சமையல் உப்பு பூக்கத் தொடங்கும். 29ஐ நெருங்குமுன் மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். விட்டுவிட்டால் மெக்னீசிய உப்புகள் கூடிக் கசப்பேறும்.

மெக்னீசியம் வத்தல்காரர்களுக்கும் முக்கியம். அதன் உப்புகள் காற்றின் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். அம்பாரமாகக் குவித்து நாளாகும் உப்பிலிருந்து மெக்னீசிய நீர் மெல்லக் கசிந்து இறங்கிவிடும். ஊறுகாய்க்கும் வத்தலுக்கும் பழைய கல் உப்பைத் தேடுவதில் இந்த வேதியியல் இருக்கிறது. ஈரம் கசியும் புது உப்பில் போட்ட வத்தல் சீக்கிரம் நமுத்துப்போகும்.

அந்த உப்பை வாருகிறவர்களைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. விடியும் முன்பே பாத்தியில் இறங்கினால்தான் வெயில் ஏறுமுன் வேலை நடக்கும். கரிப்பு நீர் காலைப் புண்ணாக்கும். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணை வாட்டும். ராஜம் கிருஷ்ணன் இந்த ஊர் உப்பளத் தொழிலாளர்களோடு பழகி எழுதிய 'கரிப்பு மணிகள்' நாவலைப் படித்தவர்களால், ஒரு கை கல் உப்பை அள்ளும்போது அதை மறக்க முடியாது. மழைக்காலத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. அதே மழைதான் கரிசலில் மிதுக்கை முளைக்கவைக்கிறது.

இனி காய்க்குள் போவோம். 100 கிராம் சுரைக்காயில் 96 கிராம் தண்ணீர். இந்தக் குடும்பத்துக் காய்கள் பெரும்பாலும் இப்படித்தான். நீரைச் சேர்த்துவைத்த பைகள். அவை விரைவில் அழுகுவதற்கும் அந்த நீர்தான் காரணம், பாக்டீரியாவும் பூசணமும் வளர நீர் வேண்டும். ஒரு கிலோ சுரைக்காயைப் பத்து சதவீத ஈரம் மட்டும் மிஞ்சும்வரை காயவைத்தால் கையில் நிற்பது 45 கிராம் அளவுதான். மிதுக்கில் விதை அதிகம் என்பதால் அதைவிடக் கூடுதலாக மிஞ்சும்.

ஆனால் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை விட, அதில் எவ்வளவு நுண்ணுயிர்களுக்குப் பயன்படும் நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். உணவு விஞ்ஞானிகள் இதை 'நீர்ச் செயல்திறன்' என்று அளக்கிறார்கள். சுத்தமான தண்ணீருக்கு அது 1. உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்குக் கரைந்த நீருக்கு 0.75. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.91க்குக் கீழே பெருகுவதில்லை. வழக்கமான பூசணங்கள் 0.80 வாக்கில் அடங்கிவிடும். உப்பு, காயின் நீரை வெளியே இழுக்கிறது. உள்ளே மிஞ்சும் நீரையும் தன்னோடு பிடித்துக்கொள்கிறது. இரண்டு வேலையையும் ஒரே பொருள் செய்கிறது. துறைமுகத்துப் பக்கம் காயும் கருவாட்டிலும் இதே கணக்குதான்.

மிதுக்கு வத்தல் போடும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். பழுக்காத பிஞ்சுக் காய்களாகப் பொறுக்கிக் கழுவி, ஒவ்வொன்றையும் கீறிவிட வேண்டும், அல்லது இரண்டாக நறுக்க வேண்டும். முழுக் காயின் தோல் நீரை வெளியே விடாது. கீறாமல் காயவைத்தால் மேலே சுருங்கி உள்ளே அழுகும். நன்றாகப் புளித்த மோரில் கல் உப்பைத் தாராளமாகக் கரைத்து, காய்களை ஓரிரு நாள் ஊறவிடுவார்கள். பிறகு பகலில் பாயில் பரப்பிக் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே மோரில் போடுவார்கள். மோர் முழுக்க உறிஞ்சப்பட்ட பிறகு, சலசலவென்று சத்தம் வரும்வரை காய்ச்சல் தொடரும். மோரின் புளிப்பு இன்னொரு காவல். அந்த அமிலத்தில் பல கிருமிகள் தலையெடுக்காது. நாக்கில் உப்பு கசப்பை அமர்த்தும் என்பதும் ஆய்வகங்களில் காட்டப்பட்ட உண்மை. வெறும் காயாகக் கசந்தது, வத்தலாக இதமாகக் கசப்பதற்கு அதுவும் காரணம்.

காய்ந்த வத்தலைப் பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்துவிடச் சொல்வார்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கத் தொடங்கும். முன்னே பார்த்த அதே 0.75தான். கடற்கரை ஊர்களில் இரவில் ஈரப்பதம் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும்; பகல் முழுக்கக் காய்ந்தது ராத்திரியில் பிசுபிசுக்கும்.

மிதுக்கின் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டசின் என்ற பொருள். இந்தக் குடும்பத்துச் செடிகள் தம்மைக் கடிக்க வரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்ட அதை உண்டாக்குகின்றன. அளவு மிஞ்சினால் மனிதருக்கும் நஞ்சு, சமைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்துச் சிலர் இறந்ததையடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சுரைக்காயைச் சாப்பிடக் கூடாது என்று எச்சரித்தது. மிதுக்கு வத்தலை யாரும் கிண்ணம் கிண்ணமாகத் தின்பதில்லை. நாலைந்து கடித்துக்கொள்வதோடு சரி. அந்த அளவே நல்லது. சுரைக்காயோ வெள்ளரியோ சுக்கினியோ நுனி கசந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

சுக்கினி இப்போது நம் கடைகளுக்கும் வருகிறது. மேல்நாடுகளில் கோடையில் அது காய்த்துக் குவியும்போது, துருவி, உப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து ஒட்டப் பிழிந்து, வினிகர், சர்க்கரை, கடுகு, வெங்காயம் சேர்த்துக் கொதிக்கவைத்துப் புட்டியில் அடைப்பார்கள். இளம் சுரையிலும் பிஞ்சு வெள்ளரியிலும் இதை அப்படியே செய்யலாம், ருசியும் நன்றாக வரும். ஆனால் இதில் காவல் வெயிலுடையது இல்லை, அமிலத்துடையது. உயிரைப் பறிக்கும் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியா, அமில அளவான பிஎச் 4.6க்குக் கீழே வளராது. அதனால் வினிகரைக் குறைத்து ருசி பார்க்கக் கூடாது. புட்டியின் சீட்டில் 5 சதவீதம் என்று இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 4 சதவீத வினிகரும் விற்கிறது. மேலே எண்ணெய் ஊற்றினால் போதும் என்று நினைப்பது ஆபத்து: அந்த பாக்டீரியாவுக்குக் காற்றில்லாத இடம்தான் பிடிக்கும், எண்ணெய் அதைத்தான் அமைத்துக் கொடுக்கிறது. வீட்டில் செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில வாரங்களில் முடித்துவிடுவதே நல்லது.

வத்தலுக்கு ஃப்ரிட்ஜும் வேண்டாம், வினிகரும் வேண்டாம். வேண்டியது மிதுக்குக் கொடி. களைக்கொல்லி தெளித்த காட்டில் அது நிற்காது. பயிர்க்கணக்கில் அது வெறும் களை. அதற்கு ஒரு விலை கிடைத்தால் வரப்போரத்திலாவது அதை விட்டுவைப்பார்கள் என்று நம்புகிறேன். கோவில்பட்டிப் பக்கம் போகிறவர்கள் கடலை மிட்டாயோடு கால் கிலோ மிதுக்கு வத்தலும் கேட்டு வாங்குங்கள். பொரிக்குமுன் ஒரு மணி நேரம் வெயிலில் காட்டுங்கள். எண்ணெய் அதிகம் காயக் கூடாது. உப்பும் மோரும் ஏறிய வத்தல் நொடியில் கருகிவிடும். நிறம் பழுப்பேறியதும் அரித்து எடுத்துவிட வேண்டும்.