மதுரைக் கோட்டை நகரின் தொழில் தெருக்கள்

மதுரைக் கோட்டை நகரின் தொழில் தெருக்கள் என்பவை, நாயக்கர் காலத்தில் கோட்டைச் சுவருக்குள் இருந்த மதுரையில் கைவினைஞரும் வணிகரும் தொழில்வாரியாக வாழ்ந்த பகுதிகள் ஆகும். கைவிடப்பட்ட தலைநகரான கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகைமேட்டை அகழ்ந்து செங்கல் சுவர்களையும் சீனப் பீங்கான் சில்லுகளையும் வெளிக்கொணர முடிந்தது. மதுரையோ இடையறாது மக்கள் வாழும் நகர். எனவே இங்கு அகழாய்வைவிடத் தெருவமைப்பும் தெருப்பெயரும் எஞ்சிய கட்டடங்களுமே முதன்மைச் சான்றுகளாக உள்ளன. அண்மையிலுள்ள கீழடியில் 2014 முதல் அகழப்பட்ட குடியிருப்பு இவற்றைவிட மிக முற்பட்டது.

அமைப்பு

மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு சித்திரை, ஆவணி மூல, மாசி வீதிகள் ஒன்றைச் சுற்றி ஒன்றாக அமைந்துள்ளன. விசுவநாத நாயக்கர் (1529-1564) எழுப்பிய கோட்டையின் 72 கொத்தளங்களும் 72 பாளையக்காரர்களின் பொறுப்பில் விடப்பட்டன என்பது மரபு. 1840-களில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டை இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. வெளி வீதிகள் அதன் எல்லையைக் காட்டுகின்றன. மேற்கு வாயிலின் கொத்தளம் மட்டும் பெரியார் பேருந்து நிலையம் அருகே எஞ்சியுள்ளது. ஆரப்பாளையம் இக்கோட்டைக்கு வெளியே, வடமேற்கில், வைகையின் தென்கரையில் அமைந்ததாகும்.

பெயர்கள் தரும் சான்று

வளையல்காரத் தெரு, வெண்கலக்கடைத் தெரு, எழுத்தாணிக்காரத் தெரு ஆகியன இன்றும் வழங்கும் பெயர்கள். ஓலையும் எழுத்தாணியும் வழக்கொழிந்த பின்னும் பெயர் நீடிக்கிறது. அரண்மனைப் பகுதியிலுள்ள நவபத்கானா தெரு, முரசும் நகராவும் முழங்கிய மண்டபத்தை நினைவூட்டும் பாரசீகச் சொல்லால் அமைந்தது. திருமலை நாயக்கர் (1623-1659) அரண்மனைத் தொகுதியின் பத்துத் தூண்கள், கடைகள் நெருங்கிய ஒரு சந்துக்குள் நிற்கின்றன; அச்சந்துக்கே பத்துத்தூண் சந்து என்று பெயர்.

எனினும் தெருப்பெயர் ஒரு தொழில் அங்கு இருந்ததைக் காட்டுமே தவிர, அது எப்போது தொடங்கியது, அங்கு செய்தனரா விற்றனரா என்பதைக் காட்டாது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் பொற்கடை, அறுவைக்கடை, கூலக்கடை வீதிகளை வருணிக்கிறது. அதை இன்றைய தெருக்களின் வரைபடமாகக் கொள்வது பொருந்தாது.

மண்ணில் தேட வேண்டியவை

ஒவ்வொரு தொழிலும் தனக்கேயுரிய கழிவை விட்டுச் செல்லும். வெண்கலப் பட்டறை இருந்த இடத்தில் கசடும் உலோகம் உருக்கிய மண்கலச் சில்லுகளும் கிடைக்கும். சங்கு வளையல் அறுத்த இடத்தில் அறுபட்ட சங்குத் துண்டுகள் குவிந்திருக்கும். நெசவாளர் வீட்டின் தரையில் குழித்தறியின் பள்ளம் தெரியும். பாவு நீட்டுவதற்கு நீண்ட திறந்த வெளியும் வேண்டும். அரண்மனையைச் சுற்றிக் குடியேறிய சௌராட்டிர நெசவாளர் பற்றி ஆவணம் உண்டு: அவர்களது சடங்குரிமையை ஏற்று இராணி மங்கம்மாள் 1705-இல் ஆணை வழங்கினார்.

ஆவணமும் பெயரும் இல்லாதோர் நிலை வேறு. முதலாம் இராசராசனின் (985-1014) தஞ்சைக் கல்வெட்டுகள், ஊர்களின் வரியில்லா நிலங்களைக் கூறுமிடத்தில் கம்மாணசேரி, பறைச்சேரி போன்றவற்றைத் தனித்தனியே குறிக்கின்றன. தொழிலும் சாதியும் குடியிருப்பைப் பிரித்தன என்பதற்கு இது தெளிவான சான்று. மதுரையில் அத்தகையோரின் மண்குடிசைகளுக்குக் கல்தூண் ஏதும் எஞ்சாது. மண்ணடுக்கு ஒன்றே அவர்களைப் பற்றிக் கூறக்கூடும். புதிய கட்டடங்களுக்கு ஆழமாக அடித்தளம் தோண்டும்போது அவ்வடுக்கு பதிவு செய்யப்படாமலே அகற்றப்பட்டால், அதைத் திரும்பப் பெற இயலாது.