துவக்குக் குழலும் தோட்டாவும்

ஹட்டன், நுவரெலியாப் பகுதிகளில் இன்று தேயிலை செறிந்து நிற்கும் மலைச்சரிவுகள், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யானைகள் உலாவிய காடுகளாயிருந்தன. காட்டை வெட்டிக் கோப்பி பயிரிட்டனர். கோப்பியை நோய் அழித்தபின் தேயிலை வந்தது. 1884இல் புகைவண்டி ஹட்டனை எட்டியது. இவ்வரலாற்றின் ஓரத்தில் துவக்கின் வரலாறும் ஒன்று உண்டு. 1848இல் நுவரெலியாவில் குடியேற்றம் அமைக்க வந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், பெயர்பெற்ற வேட்டைக்காரர். அவர் கையிலிருந்த ஒற்றைக்குழல் துவக்கு 1840இல் பிரிஸ்டல் நகரில் கிப்ஸ் என்பாரால் செய்யப்பெற்றது. அதன் நிறை 21 இறாத்தல்; குழலின் நீளம் 36 அங்குலம்; ஒரு வேட்டுக்கு வேண்டிய வெடிமருந்து ஓர் அவுன்ஸ்; அது எறிந்த கூர்நுனிக் குண்டோ 4 அவுன்ஸ். யானையின் மண்டையோட்டைத் துளைக்க இத்துணை வலிமை வேண்டும் என்பது அக்காலத்தார் கொள்கை.

அத்துவக்கில் மருந்தையும் குண்டையும் குழல்வாய் வழியே இட்டுக் கோலால் இடித்து இறுக்குவர். வேட்டு வலிதாக வேண்டுமாயின் மருந்தைச் சற்றுக் கூட்டியிடுவர். அளவைத் தீர்மானித்தது சுடுவோன் கையே. பின்னர், பித்தளைக் கூட்டினுள் மருந்தும் குண்டும் அடைத்த தோட்டா தோன்றியதும் நிலைமை மாறிற்று. குழலின் பின்முனையில் அத்தோட்டாவின் வடிவுக்கேற்பக் கடைந்த அறையே மருந்தின் அளவுக்கு எல்லையாயிற்று. இன்னும் வலிய வேட்டு வேண்டுவோன் அவ்வறையையே பெரிதாக்க வேண்டும். ஒற்றை வேட்டுத் துவக்கின் தோட்டாவறையை அகற்றிப் பெரிய தோட்டாவுக்கு இசைவிக்கும் தொழில் இவ்வாறு பிறந்தது. பார்வைக்கு இஃது எளிய தொழில். ரீமர் என்னும் துளைசீவும் கருவியைச் செலுத்திச் சிறிது இரும்பைச் சீவியெடுத்தால் போதுமே என்று தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று.

முதலாவது, அறை வேறு, குழலின் துளை வேறு என்பதை உணரவேண்டும். அறையை எவ்வளவு அகற்றினும், குண்டு ஓடும் துளையும் அதில் வெட்டிய புரிகளும் முன்னிருந்த அளவிலேயே நிற்கின்றன. ஆகவே புதிய தோட்டாவின் கூடு பெரிதாகலாமேயன்றிக் குண்டின் விட்டம் பழைய துளைக்கு இசைந்ததாகவே இருத்தல் வேண்டும். வயிறு பருத்து வாய் குறுகிய குடத்தைப் போன்ற தோட்டாக்கள் உருவான காரணம் இதுவே. பிரித்தானியப் படை 1871இல் ஏற்ற மார்ட்டினி-ஹென்றித் துவக்கின் தோட்டா இதற்கு எடுத்துக்காட்டு. அதற்கு முந்திய ஸ்னைடர் துவக்கின் தோட்டா 0.577 அங்குல அளவுடையது. அக்கூட்டின் கழுத்தைச் சுருக்கி 0.45 அங்குலக் குண்டைப் பொருத்தினர். 85 கிரெயின் கருமருந்து 480 கிரெயின் ஈயக்குண்டை அத்துவக்கில் உந்தித் தள்ளியது.

இரண்டாவது, இரும்பைச் சீவியெடுக்கலாம். சீவியதைத் திரும்ப ஒட்டமுடியாது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரத் தண்டு சுழலும் துளை தேய்ந்து அகன்றுவிட்டால் தொழிலாளர் செய்வது என்ன? துளையைச் சிறிதாக்க இயலாமையால் அதனுள் புதிய புஷ் ஒன்றைச் செலுத்துகின்றனர். துவக்குக்கும் இதுவே முறை. 1888இல் பிரித்தானியப் படை 0.303 அங்குலத் தோட்டாவுக்கு மாறியபோது, கிடங்குகளில் குவிந்திருந்த மார்ட்டினித் துவக்குகளை வீணாக்க மனமின்றி மாற்றியமைத்தனர். ஆனால் 0.45 அங்குலத் துளையை 0.303 ஆக்க வழியில்லை. ஆதலால் பழைய குழலைக் கழற்றி எறிந்து, புதிய குழலைப் பூட்டினர். மார்ட்டினி-மெட்போர்ட், மார்ட்டினி-என்பீல்ட் என்னும் துவக்குகள் இவ்வாறு பிறந்தவையே. பழைய குழலினுள் மெல்லிய உட்குழலைச் செருகிச் சிறு தோட்டாவுக்குரியதாக்கும் முறையும் பின்னர் வழங்கியது.

புதிய அறை பழைய அறையை எல்லாப் பக்கங்களிலும் முற்றாக விழுங்கவும் வேண்டும். நீளத்தில் மிகுந்து ஓரிடத்தில் மட்டும் ஒடுங்கிய தோட்டாவைத் தேர்ந்தால், பழைய அறையின் அகலம் அவ்விடத்தில் வளையம்போல் எஞ்சிவிடும். வேட்டின்போது பித்தளைக் கூடு விரிந்து அறைச்சுவரோடு ஒட்டிக் காற்றுப் புகாதபடி அடைக்கின்றது. விரிவதற்கு வேண்டாத இடம் இருப்பின் கூடு பிளக்கும்; கொதிக்கும் ஆவி பின்னோக்கிச் சீறும். பின்னாலிருப்பது சுடுவோன் கண்.

மூன்றாவதே தலையாயது. அறை பெரிதாகும்போது குழலின் வலிமை பெரிதாவதில்லை, மாறாகக் குறைகின்றது. ஒரு கணக்கைக் கருதுக. குழலின் பின்முனை ஓர் அங்குல விட்டமும், அறை அரை அங்குல விட்டமும் உடையதாயின், சுற்றுச்சுவரின் கனம் கால் அங்குலம். அறையை மூன்றில் இரண்டு அங்குலமாக அகற்றினால், சுவர் ஆறில் ஓர் அங்குலமாக மெலிகின்றது; மூன்றில் ஒரு பங்கு கனம் போயிற்று. அதேவேளையில், தோட்டாவின் அடிப்பரப்பு விட்டத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகுவதால், ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்காகின்றது. மருந்தின் அழுத்தம் மாறாதிருப்பினும் பூட்டின்மீது பின்னோக்கி விழும் அடி அதே மடங்கு உயரும். சுவர் மெலிய, சுமை ஏறுகின்றது.

அழுத்தமும் மாறாதிருப்பதில்லை. கருமருந்து ஒப்பளவில் மென்மையானது. அதன்பின் வந்த புகையில்லா மருந்தோ, 0.303 துவக்கின் அறையில் சதுர அங்குலத்துக்கு 18 டன்னுக்கும் மேற்பட்ட அழுத்தத்தை எழுப்பியது. கருமருந்துக்கென வார்த்த இரும்பில் இதனை அடைப்பது, கஞ்சி வடிக்கும் பானையில் நீராவியை அடைப்பதை ஒக்கும்.

பெரிய தோட்டாவை நாடுதற்கு ஆசை மட்டும் காரணமன்று; சட்டமும் காரணமாயிற்று. கலகக்காரர் கைப்பட்ட மார்ட்டினித் துவக்குகளுக்குக் குண்டு கிடைத்தல் கூடாது என்று கருதிய பிரித்தானிய ஆட்சி, 1907இல் இந்தியாவிலும் சூடானிலும் 0.45 அங்குலத் தோட்டாக்களின் இறக்குமதியைத் தடுத்தது. வேட்டைத் துவக்கு செய்வோர் 0.465, 0.470, 0.475 அங்குலம் எனப் புதிய அளவுகளை வகுத்தனர். அவற்றுள் 0.470 தோட்டாவும் பெரிய 0.500 கூட்டின் கழுத்தைச் சுருக்கிச் செய்ததே. அவற்றுக்கெனத் தக்க கனமுள்ள குழல்களையும் அவர்கள் செய்தனர். அவுஸ்திரேலியாவில் பள்ளி மாணவர் பயிற்சிக்கென வாங்கப்பெற்ற 0.310 அங்குலச் சிறிய மார்ட்டினிகள், இரண்டாம் உலகப் போருக்குப்பின் மக்களுக்கு விற்கப்பட்டபோது, அவற்றுள் பல பெரிய தோட்டாக்களுக்காக அறை அகற்றப்பட்டன. அச்சிறு பூட்டு தன் அளவுக்கு மிக உறுதியானதாயிருந்தமையே அதற்கு இடங்கொடுத்தது.

உறுதி உண்டா இல்லையா என்பதைக் கண்ணால் அறிதல் இயலாது. ஆதலால், இலண்டனில் 1637இல் பட்டயம் பெற்ற துவக்குச் செய்வோர் சங்கமும், பர்மிங்காமில் 1813இல் அமைந்த சோதனைச்சாலையும், வழக்கமான தோட்டாவினும் வலிய தோட்டாவை ஒவ்வொரு குழலிலும் வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே முத்திரை இடுகின்றன. அறையை அகற்றிய துவக்குக்குப் பழைய முத்திரை செல்லாது. மீண்டும் சோதனை வேண்டும். செம்மையாகக் கடைந்த தொழிலாளனின் சொல்லும் அதற்கு ஈடாகாது.

இன்று ஹட்டன் தேயிலைச் சரிவுகளில் யானைக்கூட்டம் இல்லை. நான்கு அவுன்ஸ் குண்டுக்கும் வேலை இல்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி, அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு செய்தலும் வைத்திருத்தலும் குற்றமாகும். எனினும் இத்தொழிலின் பாடம் பழையதாகிவிடவில்லை. பன்றிக்கென வழியில் மறைத்துவைக்கும் கட்டுத்துவக்குகள் இலங்கையில் இன்னும் அகப்படுகின்றன. நீர்க்குழாய்த் துண்டுகளாலும் அவை செய்யப்படுவதுண்டு. அக்குழாய் எந்தச் சோதனைச்சாலையையும் கண்டதில்லை. அது தாங்கும் அழுத்தம் இன்னதென்பது அதைச் செய்தவனுக்கே தெரியாது. விறகு பொறுக்கவும் கொழுந்து பறிக்கவும் செல்பவர்கள் அதன் முன்னால் நடக்கின்றனர். மருந்து திணிப்பவன் அதன் பின்னால் குனிகின்றான். இரு பக்கத்தார்க்கும் அபாயம் ஒன்றே.

குழலின் துளையை எவரும் அகற்றலாம். குழல் தாங்கும் எல்லையை அகற்றுதல் எவர்க்கும் இயலாது. பேக்கர் காலத்து வேடன் அவ்வெல்லையை 21 இறாத்தல் இரும்பால் விலைகொடுத்து வாங்கினான். விலை கொடாமல் வலிமையைப் பெற முனைந்தவர் பலர், அதனைக் கையாலும் கண்ணாலும் கொடுத்துத் தீர்த்தனர்.