துண்டுக்கு அடியில் நடந்த பேரம்

அமெரிக்கப் பள்ளி ஒன்றில் கூடைப்பந்து ஆடும் பையன் ஆறே முக்கால் அடி வளர்ந்து, வேகமும் குறியும் கூடி வந்துவிட்டால், பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் அவன் பெயர் நாடு முழுக்கத் தெரிந்துவிடும். பள்ளி ஆட்டக்காரர்களைத் தரம் பிரிப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கும். காலணி நிறுவனங்களின் பணத்தில் கோடை விடுமுறையில் போட்டிகள் நடக்கும். அங்கே டியூக், கென்டக்கி, கான்சஸ் போன்ற பல்கலைக்கழகங்களின் பயிற்சியாளர்கள் களத்தின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து அவனைப் பார்ப்பார்கள். பிறகு வீடு தேடி வந்து அம்மாவிடமும் தாத்தாவிடமும் பேசுவார்கள். கல்லூரி அணிதான் தொழில்முறை ஆட்டத்துக்கான வாசல் என்பதால் இவ்வளவு போட்டி. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக இதற்கு ஒரு விதி இருந்தது. மாணவனுக்குப் படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு ஆகியவற்றைக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு பைசா கூடாது. கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதைத் தன் உயிர்க்கொள்கையாகவே வைத்திருந்தது. அந்த விதி பணத்தைத் தடுக்கவில்லை, பணம் வந்த வழியைத்தான் மறைத்தது என்பது என் கருத்து. 2021 முதல் அந்தத் திரை விலகிவருவது நியாயமான மாற்றம். அது கொண்டுவந்த புதிய தீங்கு ஒன்று உண்டு; அதைச் சரிசெய்ய வேண்டும், ஆனால் பழைய திரையை மறுபடி இழுத்துவிட்டு அல்ல.

முதலில் இதில் புழங்கும் பணத்தைப் பார்க்கலாம். மார்ச் மாதத்தில் நடக்கும் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியை ஒளிபரப்ப 2010இல் 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. 2016இல் மேலும் எட்டு ஆண்டுகளுக்கு 880 கோடி டாலர் சேர்த்து, 2032 வரை அது நீட்டிக்கப்பட்டது. பல மாநிலங்களில் அரசு ஊழியர்களிலேயே அதிகச் சம்பளம் வாங்குபவர் ஆளுநர் அல்ல, அரசுப் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர். இத்தனை பணமும் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தைச் சுற்றித்தான் வருகிறது. அவர்களைச் சேர்த்துக்கொள்வதற்கான விலை மட்டும் பூஜ்யம் என்று எழுதி வைத்தால் என்ன ஆகும்? மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரல் பிடித்துப் பேசுவதுபோல விலை மறைவாகப் பேசப்படும். தரகருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அப்படித்தான் ஆயிற்று. ஜான் வுடன் பயிற்சியில் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் அசைக்க முடியாத அணியாக இருந்த காலத்திலேயே சாம் கில்பர்ட் என்ற செல்வந்தர் ஆட்டக்காரர்களுக்கு உதவிவந்தார். அவரோடு உறவை முறித்துக்கொள்ளும்படி என்.சி.ஏ.ஏ. உத்தரவிட்டது 1981இல்தான். 1991இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகச் சேர்ந்த ஐந்து புதுமுக மாணவர்கள் அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளும் அணியை இறுதியாட்டம்வரை கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவரான கிரிஸ் வெப்பர் உட்பட மிச்சிகன் ஆட்டக்காரர்கள் சிலருக்கு ஓர் ஆதரவாளர் பணம் கொடுத்த விவகாரத்தில், அந்தச் சாதனையைக் குறித்து அரங்கில் தொங்கிய கொடிகளைப் பல்கலைக்கழகமே 2002இல் இறக்கிவிட்டது.

எல்லாவற்றையும்விடத் தெளிவான சாட்சி 2017இல் வெளிவந்தது. அந்த செப்டம்பரில் அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பத்துப் பேரைக் கைது செய்தது. அரிசோனா, ஆபர்ன், ஓக்லஹோமா ஸ்டேட், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்கள் நால்வரும் அடிடாஸ் காலணி நிறுவனத்தின் நிர்வாகி ஒருவரும் அவர்களில் அடக்கம். ஒரு மாணவனை லூயிவில் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதற்காக அவன் குடும்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள் என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2018இல் அந்த நிர்வாகியும் வேறு இருவரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. வழக்கின் அடிப்படை என்ன தெரியுமா? தகுதியிழந்த மாணவனுக்கு உதவித்தொகை கொடுக்க வைத்ததால் ஏமாற்றப்பட்டவை பல்கலைக்கழகங்களே என்பது. கைதுகளுக்கு ஒரு மாதம் முன்புதான் அதே லூயிவில், அதே அடிடாஸிடமிருந்து பத்து ஆண்டுகளுக்கு 16 கோடி டாலர் பெறும் ஒப்பந்தத்தை அறிவித்திருந்தது. 16 கோடி வாங்கினால் அது ஒப்பந்தம், ஒரு லட்சம் வாங்கினால் அது குற்றம். அந்த மாணவன் கடைசிவரை ஒரு கல்லூரி ஆட்டம்கூட ஆடவில்லை. பிழைப்புக்கு ஆஸ்திரேலியத் தொழில்முறை அணிக்குப் போனான். தண்டனையின் பாரம் யார்மேல் இறங்கியது என்பதை இதைவிடத் துலக்கமாகச் சொல்ல முடியாது.

அந்த விதியைத் தளர்த்தியதும் பின்னர் நீதிமன்றங்கள்தான். 2021 ஜூனில், கல்வி தொடர்பான உதவிகளுக்கு என்.சி.ஏ.ஏ. வைத்த வரம்பு செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பழைமைவாதி, முற்போக்காளர் என்ற வேறுபாடு அங்கே எழவே இல்லை. சில நாட்களில், ஜூலை 1 முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில் ஏற்கப்பட்ட இன்னொரு வழக்கின் சமரசப்படி, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விளையாட்டு வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து முதல் ஆண்டில் 2 கோடியே 5 லட்சம் டாலர்வரை நேரடியாகவே பகிர்ந்து கொடுக்கலாம்.

இதனால் படிப்பு கெடும் என்பது பலர் சொல்லும் ஆட்சேபம். உள்ளபடியே கவலைக்குரிய விஷயம்தான். ஆனால் அந்தக் கேடு கூலியால் வந்ததல்ல. பள்ளியை முடித்து ஓராண்டு ஆகாதவரை அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமான என்.பி.ஏ.யின் அணிகளில் சேர முடியாது என்ற விதி 2006 முதல் நடைமுறையில் இருக்கிறது. கோபி பிரையன்ட்டும் லெப்ரான் ஜேம்ஸும் பள்ளியிலிருந்து நேராகப் போன பாதை அதோடு அடைபட்டது. படிக்க எண்ணமில்லாதவனும் ஓராண்டு கல்லூரியில் உட்கார்ந்துவிட்டுப் போகும் வழக்கம் அப்போது பிறந்ததுதான். 2012இல் கென்டக்கி புதுமுகங்களை வைத்தே பட்டம் வென்றது. அந்த ஆண்டு என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதலிடமும் இரண்டாமிடமும் பெற்ற இருவரும் அந்த அணியின் முதலாண்டு மாணவர்கள். ஒரு டாலர்கூடச் சட்டப்படி கொடுக்க முடியாத காலம் அது. பணக்காரப் பல்கலைக்கழகங்களே எல்லாத் திறமையையும் அள்ளிக்கொள்ளும் என்று இன்னொரு வாதம். விதி இறுக்கமாக இருந்த காலத்தில், 1964 முதல் 1975 வரையான பன்னிரண்டு ஆண்டுகளில் பத்துப் பட்டங்களை ஒரே யூ.சி.எல்.ஏ. வென்றது. சமத்துவத்தை அந்த விதி எப்போது காத்தது?

உண்மையான தீங்கு வேறிடத்தில் இருக்கிறது. கல்லூரி விட்டுக் கல்லூரி மாற விரும்புவோர் பெயரைப் பதியும் பட்டியல், டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், 2018இல் வந்தது. மாறினால் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2021இல் தளர்ந்து, 2024இல் முழுதாகப் போயிற்று. பயிற்சியாளரின் கணக்கு அன்றே மாறிவிட்டது. பதினெட்டு வயதுப் பையனை மூன்று ஆண்டு வளர்த்தெடுப்பதைவிட, வேறு கல்லூரியில் வளர்ந்து முடித்த இருபத்திரண்டு வயதுக்காரரை அழைத்துக்கொள்வது லாபம். 2025இல் பட்டம் வென்ற ஃபுளோரிடாவின் முன்னணி ஆட்டக்காரர்கள் வால்டர் கிளேட்டன் ஐயோனாவிலிருந்தும், அலைஜா மார்ட்டின் ஃபுளோரிடா அட்லான்டிக்கிலிருந்தும், வில் ரிச்சர்ட் பெல்மான்ட்டிலிருந்தும் வந்தவர்கள். அந்த ஆண்டின் மிகப் பெரிய பள்ளி நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக் ஆடிய டியூக் அரையிறுதியில் ஹூஸ்டனிடம் மூன்று புள்ளியில் தோற்றது. ஃபிளாக்குக்கு நஷ்டம் இல்லை. சில வாரங்களில் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாகப் போனார். இடம் பறிபோவது அவருக்குக் கீழே இருநூறாவது, முந்நூறாவது இடத்தில் நிற்கும் பையன்களுக்கு. அவர்களுக்குக் கூடைப்பந்து கோடிகளைத் தராது. கட்டணமில்லாத ஒரு பட்டப்படிப்பைத் தரும். குடும்பத்திலேயே முதலில் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் அவர்களில் உண்டு. இந்த இழப்பை நான் சிறிதாக எண்ணவில்லை. அணி ஒன்றில் குறிப்பிட்ட சில இடங்களைப் பள்ளியிலிருந்து நேராக வருபவர்களுக்கென்று ஒதுக்குவதும், இடம் மாறுவதை ஒருவருக்கு ஒன்றிரண்டு முறையோடு நிறுத்துவதும் செய்யக்கூடியவையே. இதற்காக யாருடைய கூலியையும் பறிக்க வேண்டியதில்லை.

என்.பி.ஏ.யின் வயது விதியும் போக வேண்டும். கல்லூரிக் கூடைப்பந்தைச் சீர்திருத்த முன்னாள் வெளியுறவு அமைச்சர் கான்டலீசா ரைஸ் தலைமையில் அமைந்த குழு 2018இலேயே இதைக் கேட்டது. 2023இல் அணிகளும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்திலும் அந்த விதி அப்படியே இருக்கிறது. கல்லூரியில் சேரும்போது மாணவன் போடும் கையெழுத்து விஷயம் அதைவிட அவசரம். 1964 முதல் இருந்த சேர்க்கை உறுதிக் கடிதத்தில் மாணவன் கையெழுத்திட்டால் அவன் கட்டுண்டவன். அவனை அழைத்த பயிற்சியாளர் மறுவாரமே வேறு வேலைக்குப் போகலாம். 2024இல் அந்தக் கடிதம் ஒழிந்தது. அதன் இடத்தில் வந்திருக்கும் பண ஒப்பந்தங்கள் சிலவற்றில், இடையில் கல்லூரி மாறினால் மாணவன் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. எதிரே பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர்கள் உட்கார்ந்திருக்கும்போது, பதினேழு வயதுப் பையனும் அவன் அம்மாவும் தனியாக அந்தத் தாளைப் படிக்கக் கூடாது. அவர்கள் பக்கம் பேச உரிமம் பெற்ற வழக்கறிஞர் ஒருவரை அமர்த்தி, அவருடைய கட்டணத்தைப் பல்கலைக்கழகமே ஏற்க வேண்டும் என்று விதி எழுதினால், ஒளிபரப்பில் வரும் பணத்தில் அந்தச் செலவு கண்ணுக்குக்கூடத் தெரியாது.