செவி மந்தமான தூதன்

1977 ஆகஸ்ட் 20ஆம் தேதி கேப் கனாவரலிலிருந்து புறப்பட்ட வாயேஜர்-2, வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய நான்கு மகா கிரகங்களையும் தரிசித்த ஒரே விண்கலம் என்ற கீர்த்தியை உடையது. ஏறத்தாழ 175 ஆண்டுகளுக்கு ஒருமுறையே அமையும் கிரக நிலையை அனுசரித்து, ஒரு கிரகத்தின் ஈர்ப்பினால் வேகம் பெற்று அடுத்ததை நாடிச் செல்லும்படி அதன் மார்க்கம் வகுக்கப்பட்டது. அந்த மார்க்கத்தின் சாதுரியத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். என் மனத்தைப் பெரிதும் கவர்வதோ, வழியிலேயே ஊனமுற்ற அந்த யந்திரத்தைப் பூமியிலிருந்தபடியே பேணிக் காத்தவர்களின் சிரத்தைதான்.

1978 ஏப்ரலில், ஒரு வார காலமாகக் கட்டளை ஒன்றும் வராமையால், தன் ரேடியோ ரிசீவரே பழுதாகிவிட்டதென்று கொண்டு, கலம் தானாகவே மாற்று ரிசீவருக்கு மாறிற்று. மாற்று ரிசீவரிலோ, வரும் அலையின் அதிர்வெண் மாற மாற அதைப் பின்தொடர்ந்து செல்லும் சக்தி போயிருந்தது; முதல் ரிசீவருக்குத் திரும்பியபோது, சிறிது நேரத்தில் அதுவும் அடியோடு செயலற்றது. மிஞ்சியது, கேட்க வேண்டிய அதிர்வெண் வீச்சில் சுமார் ஆயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே கேட்கும் செவி. அந்தப் பங்கும் வெப்பம் கால் டிகிரி மாறினாலே இடம் பெயர்ந்துவிடும். ஆகவே ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்து எஞ்சினியர்கள், பூமியின் சுழற்சியால் அலை எவ்வளவு திரியும், கலத்தில் இயங்கும் கருவிகளால் ரிசீவர் எவ்வளவு சூடேறியிருக்கும் என்பவற்றையெல்லாம் முன்கூட்டியே கணித்து, போய்ச் சேரும் தருணத்தில் அச்செவிக்குப் பொருந்தும் அதிர்வெண்ணில் கட்டளைகளை அனுப்பலானார்கள்.

1981இல் சனியைக் கடந்தவுடன் காமிராக்களைத் தாங்கிய சுழல்மேடை சிக்கிக்கொண்டது. பிற்பாடு அதை மெதுவாகவே இயக்கினர்.

நெப்டியூனிலோ வேறொரு சங்கடம். அங்கே சூரிய ஒளி பூமியில் இருப்பதில் தொள்ளாயிரத்தில் ஒரு பங்குதான். ஆதலால் காமிராவை நெடுநேரம் திறந்து வைக்க வேண்டும், திறந்து வைத்தாலோ விரைந்தோடும் கலத்தில் படம் கலைந்துபோகும். கழுத்துப் பிடித்துக்கொண்டவர் உடம்போடு திரும்பிப் பார்ப்பதுபோல, கலம் முழுவதையுமே இலக்கின் பக்கம் மெல்லத் திருப்பிக்கொண்டே படமெடுக்கும் உபாயத்தை அதன் கம்ப்யூட்டர்களுக்குத் தொலைவிலிருந்தே கற்பித்தார்கள். சுமார் 20 வாட் சக்தியோடு கிளம்பி, நான்கு மணி நேரத்துக்கு மேல் பிரயாணம் செய்து வரும் க்ஷீணமான சமிக்ஞையைப் பிடிக்க, 64 மீட்டர் ஆன்டெனாக்களை 70 மீட்டராகப் பெருக்கினார்கள்; நியூ மெக்ஸிகோவிலும் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸிலும் இருந்த ரேடியோ தொலைநோக்கிகளையும் துணைக்கு அழைத்தார்கள். புறப்பட்ட நாளில் அறியாத வித்தைகளையெல்லாம், பன்னிரண்டு ஆண்டு மூப்பெய்திய அந்தக் கலம் நெப்டியூனில் செய்து காட்டியது!

1989 ஆகஸ்ட் 25ஆம் தேதி அது நெப்டியூனின் வடதுருவத்துக்கு மேலாகச் சென்று, சில மணி நேரத்தில் டிரைட்டன் என்ற உபகிரகத்தை நெருங்கிற்று. வெப்பநிலை மைனஸ் 235 டிகிரி சென்டிகிரேடாக இருக்கும் அந்தப் பனிக்கோளம் உயிர்ப்பற்றுக் கிடக்கும் என்று எண்ணுவதே இயல்பு. ஆனால் வந்த படங்களைப் பிறகு நிதானமாக ஆராய்ந்தபோது, தரையிலிருந்து எட்டு கிலோமீட்டர் உயரத்துக்குக் கரிய புழுதியோடு நைட்ரஜன் வாயு பீறிட்டெழுந்து, காற்றில் கிடையாக நீண்டு செல்வது புலப்பட்டது. டிரைட்டனின் மேற்பரப்பில் சுமார் நாற்பது சதவீதமே அன்று படமாயிற்று. எஞ்சிய பகுதியைக் காண வேறெந்த விண்கலமும் அங்கே சென்றதில்லை.